அன்னபேதியும் பன்னீர்த் திராட்சையும்

பழனிமலை சங்கப் புலவர்களுக்கு நன்கு அறிமுகமான மலை. அகநானூற்றின் முதற்பாடலிலேயே அது பொதினி என்ற பெயரில் இடம்பெற்றுவிடுகிறது. ஆவியர் குடியின் மலை அது. மயிலுக்குப் போர்வை ஈந்த பேகனின் நாடு. இன்று கொடைக்கானல் என்று நாம் அழைக்கும் மேல்மலைப் பகுதியே புறநானூறு கூறும் கோடைமலை என்பது அறிஞர் பலர் கருத்து. குறிஞ்சித் திணையின் கருப்பொருள்களாகத் தினையும் ஐவன நெல்லும் பலாவும் வாழையும் பேசப்படுகின்றன. அந்த வரிசையில் திராட்சை இல்லை. யவனர் நல்ல கலங்களில் கொண்டுவந்த நறுமணத் தேறலைப் பாண்டியன் பருகியதை நக்கீரர் பாடியிருக்கிறார். அந்தத் தேறல் வந்த சாடிகளின் ஓடுகள் அரிக்கமேட்டு அகழாய்வில் கிடைத்துள்ளன. ஆக, திராட்சையின் சாறு ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே கடல் கடந்து நம்மிடம் வந்துவிட்டது. கொடி பழனிமலையின் அடிவாரத்தில் வேர்கொண்டது மிகப் பின்னர்.

இன்று அம்மலையின் தென்கிழக்கே நிலக்கோட்டையையும் மைக்கேல்பாளையத்தையும் சுற்றியுள்ள சிற்றூர்களிலும், தெற்கே தேனி மாவட்டத்தின் கம்பம் பள்ளத்தாக்கிலும், கல்தூண் நட்டுக் கம்பி இழுத்த பந்தல்களின்மேல் பன்னீர்த் திராட்சை படர்ந்திருக்கிறது. கம்பம் பன்னீர்த் திராட்சைக்கு 2023-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. இந்தப் பந்தல்களில் பெரும்பாலானவை சிறு உழவர்களுடையவை. ஓர் ஏக்கர், இரண்டு ஏக்கர் அளவினவை. இக்கட்டுரை அந்தக் கொடியின் வெளிறிய இலையைப் பற்றியது. இலை ஏன் வெளிறுகிறது என்ற எளிய வினாவுக்கு விடை காண மனிதர் எடுத்துக்கொண்ட காலம் நூறாண்டுக்கும் மேல். அந்த வரலாற்றை அறிந்தவர் கையிலிருக்கும் மருந்தை ஒருவிதமாகவும், அறியாதவர் வேறுவிதமாகவும் பயன்படுத்துவர் என்பதனாலேயே இதனை எழுதத் தோன்றியது.

முதலில் பெயரைப் பார்ப்போம். திராட்சை என்பது ‘திராக்ஷா’ என்ற வடசொல்லின் வழி வந்தது. தமிழில் இதற்குக் கொடிமுந்திரி என்றொரு பெயரும் உண்டு. ஈழத்தமிழர் இன்றும் முந்திரிகை என்றே வழங்குகின்றனர். யாழ்ப்பாணத்தில் முந்திரிகைத் தோட்டம் என்றால் திராட்சைத் தோட்டம்தான். தமிழ்க் கத்தோலிக்கரின் பழைய வழக்கிலும் முந்திரிகை இரசம் என்ற சொல் உண்டு. திருப்பலிக்கு அந்த இரசம் இன்றியமையாதது என்பதை நினைத்தால், தென்தமிழகத்தில் இக்கொடியின் வரலாறு மறைப்பணியாளர்களோடு பின்னிக் கிடப்பதில் வியப்பில்லை.

திராட்சை தமிழகத்துக்கு வந்த கதையைச் சொல்லும் வேளாண் நூல்கள் 1832 என்ற ஆண்டையும் கிறிஸ்தவ மறைப்பணியாளர்களையும் குறிப்பிடுகின்றன. பன்னீர்த் திராட்சையைப் பற்றிச் சொல்லும்போது ஒரு பிரெஞ்சுப் பாதிரியாரையும் சேர்த்துக்கொள்கின்றன. இச்செய்தி கைமாறிக் கைமாறி உறுதிப்பட்ட வரலாறாகவே ஆகிவிட்டது. ஆயினும் இதில் ஒரு முடிச்சு இருக்கிறது. நாம் பன்னீர் என்று அழைக்கும் இரகத்துக்கு உலகம் வழங்கும் பெயர் மஸ்கட் ஹாம்பர்க். அதனை உருவாக்கியவர் இங்கிலாந்தில் பெட்ஃபோர்ட்ஷயர் பகுதியிலுள்ள ரெஸ்ட் பார்க் மாளிகையின் தோட்டக்காரர் சீவர்ட் ஸ்நோ. காலம் 1850-ஐ ஒட்டியது. பிளாக் ஹாம்பர்க் என்ற கறுப்புத் திராட்சையையும் மஸ்கட் ஆஃப் அலெக்சாந்திரியா என்ற மணமிக்க வெள்ளைத் திராட்சையையும் கலந்து அவர் இதனைப் பெற்றார். பிற்கால மரபணு ஆய்வுகளும் இந்தப் பெற்றோரை உறுதிசெய்திருக்கின்றன.

1832-இல் பிறந்திராத இரகம் 1832-இல் மதுரைச் சீமைக்கு வந்திருக்க இயலாது. எனவே நாம் ஒரு வருகையாக எண்ணுவது இரண்டு வருகைகளாக இருக்கவேண்டும்: முதலில் ஏதோ ஒரு திராட்சை, பின்னர் இந்தப் பன்னீர்த் திராட்சை. பாதிரியாரைப் பற்றியும் ஒன்று சொல்லலாம். சேசு சபையின் பழைய மதுரை மறைப்பணி 1773-இல் சபை கலைக்கப்பட்டதோடு முடிந்துபோயிற்று. பிரெஞ்சு சேசு சபையினர் மீண்டும் இப்பகுதிக்கு வந்தது 1837-38 அளவில். ஆகவே 1832 என்பது சரியானால், வந்தவர் சேசு சபைத் துறவியாக இருக்க வாய்ப்பில்லை. அக்காலத்தில் புதுச்சேரியை நடுவாகக் கொண்டு இயங்கிய பாரிஸ் அயல்நாட்டு மறைப்பணிச் சபையைச் சேர்ந்தவராக இருக்கவே வாய்ப்பு மிகுதி.

இந்த ஆண்டுக்கணக்கு வெறும் ஏட்டு விவகாரம் என்று தோன்றலாம். உழவருக்கும் இதில் ஒரு செய்தி உண்டு. மஸ்கட் ஹாம்பர்க் குளிர்நாட்டுக் கண்ணாடி மனைக்குள் வளர்க்கப்பட்ட கலப்பினம். மணத்தில் நிகரற்றது, ஆனால் காய்ப்பிடிப்பில் சற்றுக் கூச்சமுடையது. ஒரே கொத்தில் சில மணிகள் பருத்தும் சில கடுகளவாகவும் நிற்கும். சில கறுத்தும் சில பச்சையாகவும் இருக்கும். இது ஓரளவு அந்த இரகத்தின் பிறவிக்குணம். இதே தோற்றத்தைத் துத்தநாகக் குறையும் போரான் குறையும்கூட உண்டாக்கும். கொத்தைப் பார்த்த மாத்திரத்தில் மண்ணின் மேல் பழிபோடுவதும், மண்ணை ஆராயாமல் இரகத்தின் மேல் பழிபோடுவதும் ஒரே வகைப் பிழைகள். ஆண்டை ஆராயாமல் ஒப்புக்கொள்வது போலத்தான் இதுவும்.

* * *

இனி மண்ணுக்கு வருவோம். பழனிமலை சார்னோக்கைட்டு, நைசு ஆகிய தொன்மையான பாறைகளால் ஆனது. கொடைக்கானல் ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே மழை மிகுதி. நீரில் கரையும் தன்மையுடைய சுண்ணாம்பும் மக்னீசியமும் போரானும் காலங்காலமாகக் கழுவப்பட்டுப் பள்ளத்தை நோக்கி இறங்கிவிட்டன. எஞ்சியிருப்பது அமிலத்தன்மை கொண்ட, கருத்த, மக்கு நிறைந்த மலைமண். பேரியும் பிளம்ஸும் மலைப்பூண்டும் அதில் விளையும். ஈரமும் பனிமூட்டமும் மிகுந்த அந்த உயரத்தில் திராட்சை செழிக்காது. பூசணங்கள் அதனை விட்டுவைப்பதில்லை. செண்பகனூரில் சேசு சபையினர் 1895-இல் தொடங்கிய திருஇருதயக் கல்லூரியின் மரபில் வந்த தாவரவியலாளர் கே. எம். மாத்யூ, கொடைக்கானலின் அயல்நாட்டுத் தாவரங்களைத் தொகுத்து 1969-இல் ஒரு நூலே வெளியிட்டார். வெளியிலிருந்து வந்த செடிகொடிகளை அந்த மலை எவ்வளவு தாராளமாக ஏற்றுக்கொண்டது என்பதற்கு அந்நூல் சான்று. திராட்சை மட்டும் மலையை விட்டு அடிவாரத்தையே தன் இடமாகக் கொண்டது.

அடிவாரத்தின் கதை நேர்மாறானது. மலையின் மழைமறைவில் கிடக்கும் சமவெளியில் பெய்யும் மழையைக் காட்டிலும் ஆவியாகும் நீர் அதிகம். அதனால் சுண்ணாம்பு கழுவப்படாமல் மண்ணிலேயே தங்கிச் சுக்கான் கற்களாகத் திரள்கிறது. செம்மண்ணைச் சற்று ஆழமாகத் தோண்டினால் பல இடங்களில் அந்த வெள்ளை முடிச்சுகளைக் காணலாம். அம்மண் காரத்தன்மை கொண்டது. கிணற்று நீரிலும் பைகார்பனேட் உப்புகள் கலந்திருக்கும்.

இங்கேதான் விந்தை தொடங்குகிறது. செம்மண் சிவந்திருப்பதே இரும்பினால்தான். புவியோட்டின் எடையில் ஏறத்தாழ 5 விழுக்காடு இரும்பு. அந்தச் செம்மண்ணில் ஊன்றிய கொடி இரும்புச் சத்தில்லாமல் வெளிறுகிறது. காரணம், மண்ணின் கார அமில நிலை ஓர் அலகு உயர்ந்தால் இரும்பின் கரைதிறன் ஏறத்தாழ ஆயிரம் மடங்கு குறைந்துவிடும். மலைமேல் உள்ள குறை உண்மையான குறை. சத்து கழுவப்பட்டுப் போய்விட்டது. அடிவாரத்தில் உள்ளது பூட்டு. களஞ்சியம் நிறைந்திருக்கிறது, திறவுகோல்தான் இல்லை. இந்த வேறுபாட்டை உணராமல் மண்ணில் மேலும் இரும்புப்பைக் கொட்டினால், கொட்டியதும் அதே களஞ்சியத்துக்குள் போய்ப் பூட்டிக்கொள்ளும்.

* * *

இந்தப் பூட்டு முதன்முதலில் அறியப்பட்டதும் ஒரு திராட்சை நாட்டில்தான். அதற்கு முன் மருத்துவத்திலிருந்து ஒரு செய்தி. பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பாவில் இளம்பெண்கள் வெளிறி, சோர்ந்து, மூச்சிரைத்து வாடும் நோயைக் குளோரோசிஸ் என்றனர். பியேர் பிளோ என்ற பிரெஞ்சு மருத்துவர் இரும்பு சல்பேட்டையும் பொட்டாசியம் கார்பனேட்டையும் கலந்து செய்த மாத்திரையால் அந்நோயைக் குணப்படுத்தலாம் என்று அறிவித்தார். அவர் அறிவித்த ஆண்டு 1832. நம் திராட்சைக் கதையில் வரும் அதே ஆண்டு இது என்பது தற்செயல்.

பதினொரு ஆண்டுகள் கழித்து, 1843-இல், யூசேப் கிரி என்ற மற்றொரு பிரெஞ்சுக்காரர் அதே இரும்பு உப்பைச் செடிக்குக் கொடுத்துப் பார்த்தார். வெளிறிய திராட்சை இலையின்மேல் இரும்பு சல்பேட்டுக் கரைசலைப் பூசினார். பூசிய இடம் பச்சையாயிற்று. செடியின் வெளிறலுக்கும் குளோரோசிஸ் என்ற பெயரே நிலைத்தது. மனித உடலின் நோயும் இலையின் நோயும் ஒரே சொல்லால் குறிக்கப்பட்டதும், இரண்டுக்கும் ஒரே உப்பு மருந்தானதும் அறிவியல் வரலாற்றின் அழகான தருணங்களில் ஒன்று.

தமிழ் மாணாக்கன் ஒருவனுக்கு இவ்விடத்தில் இன்னொன்றும் நினைவுக்கு வரும். இரும்பு சல்பேட்டுக்குச் சித்த மருத்துவம் வழங்கும் பெயர் அன்னபேதி. உடல் வெளிறும் பாண்டு நோய்க்கு அன்னபேதிச் செந்தூரம் கொடுப்பது நம் வைத்திய மரபு. செப்பு சல்பேட்டு மயில்துத்தம். துருசு என்றும் சொல்வர். போரான் அடங்கிய வெண்காரத்தை வெங்காரம் என்ற பெயரில் நம் மருத்துவ நூல்கள் அறியும். துத்தநாகத்துக்கோ நாகம் என்றே பெயர். ஒரு திராட்சைத் தோட்டத்தின் நுண்ணூட்டக் குறையைத் தீர்க்கத் தேவையான பொருள்களின் பட்டியலை எடுத்தால், அது ஏறக்குறைய முழுவதும் சித்தர் பெட்டியில் இருக்கிறது. பழனி முருகனின் திருவுருவை நவபாடாணத்தால் போகர் வார்த்தார் என்று மரபு சொல்லும் மலையின் அடிவாரத்திலேயே இக்கொடி வெளிறி நிற்கிறது. பொருள் இருந்தது, பெயர் இருந்தது, மனிதனுக்குக் கொடுக்கும் முறையும் இருந்தது. செடிக்கும் பாண்டு வரும் என்ற எண்ணம்தான் பிறக்கவில்லை. இன்றும் நம் உழவர்கள் இரும்பு சல்பேட்டை அன்னபேதி உப்பு என்றே கேட்டு வாங்குகின்றனர் என்பது மகிழ்ச்சி தரும் செய்தி.

* * *

கிரியின் கண்டுபிடிப்பு நாற்பது ஆண்டுகள் ஏட்டிலேயே இருந்தது. அதைத் தேவையாக்கியது ஒரு பூச்சி. அமெரிக்காவிலிருந்து வந்த ஃபில்லாக்செரா என்ற வேர்ப்பேன் 1860-களில் பிரான்சின் திராட்சைத் தோட்டங்களை அழிக்கத் தொடங்கியது. 1868-இல் பிளாஞ்சோன் அதனை இனங்கண்டார். அமெரிக்கக் காட்டுத் திராட்சையின் வேரில் பிரெஞ்சுத் திராட்சையை ஒட்டுக்கட்டினால் பேன் ஒன்றும் செய்யாது என்பது தெரிந்தது. ஒட்டுக்கட்டினர். ஆனால் சுண்ணாம்பு மிகுந்த கோன்யாக், ஷாம்பெய்ன் பகுதிகளில் அமெரிக்க வேர்கள் இரும்பை எடுக்க முடியாமல் இலைகள் மஞ்சளாகிக் கொடிகள் மடிந்தன. ஒரு நோயைத் தீர்த்த மருந்து மற்றொரு நோயைக் கொண்டுவந்தது.

பிரெஞ்சு அரசு 1887-இல் பியேர் வியாலாவை அமெரிக்காவுக்கு அனுப்பியது. சுண்ணாம்பு மண்ணில் பசுமை மாறாமல் வளரும் காட்டுத் திராட்சையைத் தேடுவது அவர் பணி. டெக்சஸ் மாநிலத்தில் டி. வி. மன்சன் என்ற தோட்டக்கலைஞர் அவருக்கு வழிகாட்டினார். அங்கே சுண்ணாம்புக் குன்றுகளில் வளர்ந்த பெர்லாந்தியேரி என்ற இனம் பிரான்சின் சுண்ணாம்பு நிலங்களைக் காப்பாற்றியது. அதே மன்சன் டெக்சசில் கண்டெடுத்த டாக்ரிட்ஜ் என்ற வேர்க்கொடிதான் இன்று மகாராட்டிரத்திலும் கர்நாடகத்திலும் வறட்சியையும் உப்பையும் தாங்குவதற்காகப் பெருமளவில் பயன்படுகிறது. நம் வேளாண் பல்கலைக்கழகமும் அதனைப் பரிந்துரைக்கிறது. மண்ணை மாற்ற முடியாதபோது வேரை மாற்றுவது என்ற இந்த வழி, மருந்து தெளிப்பதைக் காட்டிலும் நீண்டகாலத்துக்கு நிற்பது. புதிதாகப் பந்தல் போடுபவர் முதலில் எண்ணிப்பார்க்க வேண்டியது இதுவே.

துத்தநாகத்தின் கதை இன்னும் சுவையானது. 1930-களின் தொடக்கத்தில் கலிஃபோர்னியாவின் பழத்தோட்டங்களிலும் திராட்சைத் தோட்டங்களிலும் சிற்றிலை நோய் என்றொன்று பரவியிருந்தது. இலைகள் சிறுத்து, கணுக்கள் நெருங்கி, காய் பிடிக்காமல் போகும். சாண்ட்லரும் அவர் தோழர்களும் இரும்பு சல்பேட்டைக் கொடுத்துப் பார்த்தனர். சில இடங்களில் குணம் தெரிந்தது. இரும்புக் குறைதான் என்று முடிவுகட்டியிருக்கலாம். அவர்கள் தூய்மையான இரும்பு சல்பேட்டைக் கொடுத்துப் பார்த்தபோது குணமில்லை. மலிவான சரக்கில் அழுக்காகக் கலந்திருந்த துத்தநாகமே நோயைத் தீர்த்திருக்கிறது! அதே காலத்தில் லூசியானாவில் பெக்கான் மரங்களின் நோயை ஆராய்ந்தவர்களுக்கும் இத்தகைய அனுபவமே. துத்தநாகம் பூசிய வாளியில் கலக்கிய இரும்புக் கரைசல் மரத்தைத் தேற்றியது. வேறு கலத்தில் கலக்கியது தேற்றவில்லை. வாளியே மருந்து.

இக்கதையின் எதிரொலியை இன்று நம்மூர் மண் ஆய்வுக்கூடங்களின் அறிவுரையில் கேட்கலாம். நுண்ணூட்ட ஆய்வுக்கு மண் எடுக்கும்போது இரும்புக் கருவியையும் துத்தநாகம் பூசிய வாளியையும் பயன்படுத்தக்கூடாது. மரக்குச்சியால் சுரண்டிப் பிளாஸ்டிக் வாளியில் சேகரிக்கவேண்டும். அன்று மரத்தைக் குணப்படுத்திய அதே வாளி இன்று ஆய்வு முடிவைப் பொய்யாக்கிவிடும். ஒரு ஹெக்டேர் திராட்சை ஓர் ஆண்டில் எடுத்துக்கொள்ளும் துத்தநாகம் சில நூறு கிராமுக்கு மேல் போகாது என்பதை நினைத்தால் இந்த எச்சரிக்கையின் பொருள் விளங்கும்.

* * *

இந்தியாவில் இச்சத்துகளின்மீது கவனம் திரும்பியது காலந்தாழ்ந்தே. கோயம்புத்தூரில் 1909-இல் தொடங்கிய நிரந்தர உரச் சோதனை வயல் நம் நாட்டின் தொன்மையான வேளாண் சோதனைகளுள் ஒன்று, நூறாண்டுகளைக் கடந்தது. அதன் தொடக்கக்கால அக்கறை தழை, மணி, சாம்பல் சத்துகளைப் பற்றியது. போரான் செடிக்கு இன்றியமையாதது என்பதை ரோதம்ஸ்டெட்டில் கேத்தரின் வாரிங்டன் நிறுவியதே 1923-இல்தான், துத்தநாகம் 1926-இல். நம் நாட்டில் விழிப்பை உண்டாக்கிய நிகழ்வு 1966-இல் நேர்ந்தது. இமயத்தின் அடிவாரத் தராய் நிலத்தில் நெற்பயிரைப் பழுப்பாக்கிய கைரா நோய் கிருமியால் வருவதன்று, துத்தநாகக் குறையால் வருவது என்று பந்த்நகரில் ஒய். எல். நேனே கண்டறிந்தார். அவர் தாவர நோயியலாளர். கிருமியைத் தேடிப் போனவர். மறு ஆண்டிலேயே நுண்ணூட்டங்களுக்கான அகில இந்திய ஆய்வுத் திட்டம் தொடங்கியது. கோயம்புத்தூர் அதன் மையங்களுள் ஒன்று.

1978-இல் அமெரிக்காவின் லிண்ட்சேயும் நார்வெல்லும் செடிக்குக் கிட்டக்கூடிய துத்தநாகம், இரும்பு, மாங்கனீசு, செம்பு ஆகியவற்றை ஒரே கரைசலால் அளக்கும் முறையைச் செம்மைப்படுத்தினர். மண்ணில் எவ்வளவு இருக்கிறது என்ற கேள்வி, கொடிக்கு எவ்வளவு எட்டுகிறது என்ற கேள்வியாக மாறியது அப்போதுதான். களஞ்சியத்தை அளப்பதை விட்டுத் திறவுகோலை அளக்கத் தொடங்கினர் என்று சொல்லலாம். அந்த அளவுகோலால் பார்த்தபோது இந்திய மண்ணில் 36 விழுக்காட்டுக்கு மேல் துத்தநாகக் குறையுடையது என்றும், தமிழகத்தில் இது 60 விழுக்காட்டைத் தாண்டுகிறது என்றும் அத்திட்டத்தின் ஆய்வாளர்கள் கண்டனர். 2015-இல் தொடங்கிய மண்வள அட்டைத் திட்டத்தின் பன்னிரண்டு அளவீடுகளில் துத்தநாகம், இரும்பு, செம்பு, மாங்கனீசு, போரான் ஐந்தும் இடம்பெற்றன.

* * *

இவ்வளவும் ஒரு சிறு பந்தலுக்கு எவ்வாறு பயன்படும்?

முதலில் இலையைப் படிக்கவேண்டும். இரும்பு கொடிக்குள் எளிதில் இடம்பெயராது. ஆகவே குறை இளந்தளிரில் தெரியும். நரம்பு பச்சையாகவும் இடைப்பகுதி மஞ்சளாகவும் இருக்கும். அடியிலைகள் முதலில் மஞ்சளித்தால் அது பெரும்பாலும் இரும்புக் குறையன்று, மக்னீசியத்தை ஐயுறலாம். துத்தநாகம் குறைந்தால் இலை சிறுத்து, காம்பருகே உள்ள பிளவு அகன்று, கொத்தில் பருமணியும் சிறுமணியும் கலந்து நிற்கும். போரான் குறைந்தால் பூ உதிரும், நுனி கருகும், விதையற்ற சிறு உருண்டைகள் மிகும்.

கண்ணால் கண்டதைக் கணக்கால் உறுதிசெய்வது அடுத்த படி. மண் ஆய்வோடு, பூக்கும் பருவத்தில் பூங்கொத்துக்கு எதிரேயுள்ள இலையின் காம்புகளைத் திரட்டி ஆய்வுக்கு அனுப்பலாம். மண் என்ன வைத்திருக்கிறது என்பதை மண்ணாய்வும், கொடி என்ன பெற்றது என்பதைக் காம்பாய்வும் சொல்லும். இரண்டும் முரண்பட்டால், அங்கே பூட்டு இருக்கிறது என்று பொருள்.

தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை எளியது: 0.1 விழுக்காடு போரிக் அமிலம், 0.2 விழுக்காடு துத்தநாக சல்பேட்டு, 1 விழுக்காடு யூரியா ஆகியவற்றைக் கலந்து, பூப்பதற்கு முன் ஒருமுறையும் பத்து நாள் கழித்து மறுமுறையும் இலையில் தெளிப்பது. அதாவது 100 லிட்டர் நீருக்குப் போரிக் அமிலம் 100 கிராம், துத்தநாக சல்பேட்டு 200 கிராம், யூரியா 1 கிலோ. இரும்புக் குறைக்கு அன்னபேதி உப்பை அரை விழுக்காட்டளவில், சிறிது சிட்ரிக் அமிலத்தோடு தெளிப்பர். 1843-இல் கிரி செய்ததும் இதுதான்: பூட்டிய மண்ணைச் சுற்றிக்கொண்டு இலையின் வழி நுழைவது. மண்ணிலேயே இடவேண்டுமானால் உப்பாக இட்டுப் பயனில்லை. இரும்பைப் பிடித்து வைத்திருக்கும் கொடுக்கிணைப்புச் சேர்மங்கள் வேண்டும். அவற்றுள்ளும் ஈடிடிஏ வகை கார மண்ணில் இரும்பைக் கைவிட்டுவிடும். ஈடிடிஎச்ஏ வகையே தாங்கும். விலையும் அதற்கேற்ப மிகுதி. பொட்டலத்தின்மேல் வெறுமனே ‘இரும்புச்சத்து’ என்று அச்சிட்டிருப்பதைக் கண்டு வாங்குபவர் இந்த ஓரெழுத்து வேறுபாட்டில் ஏமாறலாம்.

தெளிப்பு முதலுதவி மட்டுமே. பாய்ச்சும் நீரைக் கவனிக்கவேண்டும். வேருக்கு மூச்சுமுட்டும்படி நீர் தேங்கினால் சுண்ணாம்பு கரைந்து பைகார்பனேட்டாகி வெளிறல் கூடும். அடைமழைக்குப் பின் பந்தல் மஞ்சளாவதற்குக் காரணம் பெரும்பாலும் இதுவே. நீரை வடிப்பதே அதற்கு மருந்து. மணிச்சத்து உரத்தை அளவுக்கு மீறிக் கொட்டுவது துத்தநாகத்தைக் கொடிக்கு எட்டாமல் செய்துவிடும். ஒரு குறையை நாமே உண்டாக்கி, அதற்கு மருந்தையும் நாமே வாங்குகிறோம்.

எருவின் இடம் இங்கே தெரிகிறது. மக்கும் பொருளிலிருந்து பிறக்கும் அமிலங்கள் இரும்பையும் துத்தநாகத்தையும் பற்றிக்கொண்டு வேருக்குக் கொண்டுவந்து சேர்க்கின்றன. ஆலைகள் உண்டாக்கும் கொடுக்கிணைப்பைத் தொழுவுரம் மெல்லச் செய்கிறது. வள்ளுவர் உழவு அதிகாரத்தில் உழுவதற்கும் மேலாக எருவிடுதலை வைத்தார். குளத்து வண்டலைக் கோடையில் வண்டியடித்ததும், கொழிஞ்சியையும் எருக்கையும் மிதித்ததும், தேனிப் பக்கத்து மலைமாடுகளை அறுவடை முடிந்த நிலத்தில் கிடை அமர்த்தியதும் நுண்ணூட்டம் என்ற சொல்லை அறியாத நுண்ணூட்ட மேலாண்மை. காட்டில் மேய்ந்த மாடு, மலைமேல் கிடந்த சத்தை அடிவாரத்துக்குச் சுமந்து வந்தது. பழமையைப் போற்றுவதற்காக இதைச் சொல்லவில்லை. அந்த முறையால் எவ்வளவு துத்தநாகம் வந்தது என்று அளந்தவர் எவருமில்லை. கடுமையான குறையை அது தனியே தீர்த்திருக்கவும் முடியாது. ஆனால் அது நின்றபோது எது நின்றது என்பதை நாம் கணக்கில் வைக்கவில்லை.

மருந்தே மிகுந்து நஞ்சாவதற்கும் திராட்சை வரலாறு சான்று தருகிறது. 1882-இல் போர்தோவை அடுத்த மெதோக் பகுதியில், வழிப்போக்கர் பழம் பறிக்காதிருக்கச் சாலையோரக் கொடிகளில் மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து தெளித்திருந்ததை மில்லார்தே கண்டார். அக்கொடிகளை மட்டும் அடிச்சாம்பல் நோய் தாக்கவில்லை. அவர் 1885-இல் வெளியிட்ட அந்தக் கலவைதான் போர்தோக் கலவை. பழனிமலையின் காப்பித் தோட்டங்களிலிருந்து அடிவாரத்துப் பந்தல் வரை அது இன்றும் புழங்குகிறது. செம்பு நுண்ணூட்டமும்கூட, ஆனால் மண்ணைவிட்டு எளிதில் நீங்காது. நூறாண்டுகள் தெளித்த ஐரோப்பிய மண்ணில் செம்பு மிகுந்து மண்புழுக்களும் நுண்ணுயிர்களும் நலிந்தன. ஐரோப்பிய ஒன்றியம் 2019 முதல் ஏழாண்டுகளுக்கு ஹெக்டேருக்கு 28 கிலோ என்று அதற்கு உச்சவரம்பு விதித்தது. ஆண்டுதோறும் போர்தோக் கலவை தெளிக்கும் தோட்டத்தில், செம்பும் அடங்கிய ‘அனைத்துச் சத்து’ப் பொட்டலத்தை ஆராயாமல் வாங்கி இடுவது ஏற்கெனவே நிரம்பிய பானையில் நீர் ஊற்றுவதாகும். போரானில் எச்சரிக்கை இன்னும் வேண்டும். அதன் குறைக்கும் நஞ்சுக்கும் இடைவெளி மிகக் குறுகியது.

பிளோ முதல் நேனே வரை இந்த வரலாற்றில் வருவோரிடம் பொதுவான குணம் ஒன்றைக் காண்கிறேன். குணம் தெரிந்ததும் அவர்கள் நிறைவடைந்துவிடவில்லை. எதனால் குணமாயிற்று என்று மீண்டும் கேட்டனர். சாண்ட்லர் தூய உப்பைக் கொடுத்துப் பார்க்காதிருந்தால் கலிஃபோர்னிய உழவர்கள் இரும்பை வாங்கிக்கொண்டே இருந்திருப்பர். நம் சிறு உழவர்களின் நிலை அவ்வாறே இருக்கக்கூடாது. ஓர் ஏக்கர் பந்தலில் ஒரு பருவம் தவறினால் அதை ஈடுசெய்ய அவர்களிடம் இன்னோர் ஏக்கர் இல்லை. மண்ணாய்வு அட்டையின் ஐந்து எண்களைப் படித்துக்காட்ட ஊருக்கு ஒருவர் இருந்தால், கடைக்காரர் சொல்லும் பொட்டலத்தை வாங்குமுன் அவர்கள் ஒரு கேள்வி கேட்பர்: என் நிலத்தில் இது இல்லையா, இருந்தும் எட்டவில்லையா? இக்கேள்விக்குரிய விடையைப் பொறுத்தே அன்னபேதியை எங்கே, எப்போது, எவ்வளவு இடுவது என்பது முடிவாகும்.